ஒரு மணி பதினாலாவது நிமிடம்

வாயைத் திறக்கிறான், மேலுதட்டில் மீசை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற பதினாறு வயது வாய், முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்த வாய், அது திறந்து, அம்மா நான் வந்துட்டேன் என்கிறது, சொல்வது நான். தொண்டை ஏறி இறங்குவது அவனுக்கு, குரல் என்னுடையது, முப்பத்தேழு வருஷத்துக்கு முந்தைய என்னுடையது, மதியச் சாப்பாடு முடிந்து மின்விசிறிக்குக் கீழே ஈசிசேரில் சாய்ந்துகொண்டு கைபேசியில் இதைப் பார்க்கிற அறுபத்திரண்டு வயதுக்காரிக்கு அந்தக் குரல் இப்போது இல்லை, தைராய்டு ஆபரேஷனில் அது போய்விட்டது, கேஸ் பதிவு செய்யப் போன் போட்டால் சொல்லுங்க சார் என்கிறார்கள், நானும் சார் ஆகவே இருந்து சிலிண்டர் வாங்கிக்கொள்கிறேன். அவன் அம்மா என்று கூப்பிட்டதற்குப் படத்தில் பதில் கிடையாது, அம்மாவாக நடித்த அம்மாள் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பையே பார்த்திருப்பாள், அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான், காட்சி மாறிவிடும். படத்தின் பெயர் பூட்டிய கேட், எண்பத்தேழில் எடுத்தது, கோயம்புத்தூர்ப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு மில்லின் வாசலில், வேலை போன அப்பன்களின் நாலு பையன்கள் பீடி குடித்து, சைக்கிள் திருடி, ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு கடைசியில் போலீஸ் ஜீப்பில் ஏறுகிற கதை, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை, நாலு பேரும் அந்த ஊர்ப் பையன்கள், இயக்குநர் ஞானசீலன் கையில் இருந்ததெல்லாம் மற்றவர்கள் படத்தில் மிஞ்சிய துண்டு பிலிம், அதனால் எந்தக் காட்சிக்கும் இரண்டாவது தடவை கிடையாது, வெளியான நான்காம் நாள் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். அதோடு செத்தது என்றுதான் நினைத்திருந்தேன், போன வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் பழைய வீடியோ கேசட்டிலிருந்து எடுத்து யூடியூபில் போட்டான், மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

படத்தை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை, படத்துக்குக் கீழே நடப்பதைத்தான் பார்க்கிறேன், அங்கே ஒரு ஊரே கூடியிருக்கிறது, யாரெல்லாம் இந்த வருஷம் பாக்குறீங்க லைக் போடுங்க என்று ஒருவன் கையைத் தூக்கச் சொல்கிறான், ஆயிரம் பேர் தூக்குகிறார்கள், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பாருங்க இல்லாவிட்டால் தூங்கிவிடுவீர்கள் என்கிறான் இன்னொருவன், காசில்லாமல் எடுத்தால் இப்படித்தான் கேமரா நடுங்கும் என்று ஒருவன் போட, நடுங்குவது கேமரா இல்லடா உன் கை என்று அவனுக்கு அடி விழுகிறது, ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் தினம் ஒரு பாரா எழுதி இக்கால இளைஞர்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார், ஒரு பெண் மட்டும், என் பையனும் இப்படித்தான் ஆயிட்டான் என்ன பண்றதுன்னு தெரியல என்று எழுதியிருந்தாள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, கும்பிடும் கைப்படம் மூன்று மட்டும் விழுந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கும், அந்த ஒல்லிப் பையன் குரல்ல என்னமோ இருக்கு, கண்ண மூடிட்டுக் கேட்டாக்கூட அழுகை வருது, அதற்குக் கீழே ஆமாம் ஆமாம் என்று ஒரு ஜனசமுத்திரம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை, நானூறு படங்களில் பையன்களுக்கும் பாப்பாக்களுக்கும் டப்பிங் பேசியிருக்கிறேன், ஒரு படத்தில்கூட என் பெயர் ஓடியதில்லை, பல் முளைக்காத பிள்ளைக்கு அழுவதிலிருந்து சடங்கான பெண்ணுக்குச் சிணுங்குவது வரை எல்லாம் நான், யாருக்கும் தெரியாது, இந்த ஒரு வரியை மட்டும் நூறு தடவை படித்திருப்பேன், அது என் குரல் என்று ஒரு நாள் அடித்தேன், அடித்துவிட்டு அழித்தேன். இன்னொரு கூட்டத்துக்கு வேறு குறை, ஒரு மணி பதினாலாவது நிமிஷத்துல சவுண்டு நாறுது, நடுவுல வேற எவனோ பேசுறான், அழ வந்தவனுக்குச் சிரிப்பு வந்துருச்சு, மூடே போச்சு, என்று வாரம் இரண்டு பேராவது எழுதுவார்கள், அதைப் படிக்கும்போது கட்டைவிரல் தானாக வேகமாகத் தள்ளிவிடும்.

அப்படித் தள்ளிக்கொண்டு போகிறபோதுதான் அது வந்தது, ரோஜாப்பூப் படம் வைத்த ஒரு கணக்கு, பெயர் துளசிமணி. வணக்கங்க, இதுல ஒல்லியா வர்ற பையன் என்ற கூடப்பொறந்த தம்பிங்க, பேரு வெள்ளிங்கிரி, எம்பத்தெட்டுலயே தவறிட்டான், அம்மாவுக்கு எம்பத்திமூணு ஆகுது, படுத்த படுக்கைங்க, தெனமும் இந்தப் படத்தப் போடச் சொல்லிக் கேக்குது, ஆனா இது அவன்ற கொரலு இல்லீங்க, அவன்ற கொரலு எங்கியாச்சும் இருந்தா சொல்லுங்க, அம்மா போறதுக்குள்ள ஒருக்கா கேக்க வெக்கோணும். எம்பத்தெட்டுலயே தவறிட்டான் என்பதை நான் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சமையலறையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த வாசனை வந்தது, எழுந்திருக்கவில்லை, முப்பத்தேழு வருஷமாக எனக்கு அவன் பதினாறு வயதிலேயே இருந்தான், எங்காவது பனியன் கம்பெனியில் தொப்பை போட்டுக்கொண்டு இருப்பான் என்று ஒரு தடவை நினைத்ததோடு சரி. அவளுக்குப் பதில்கள் வந்திருந்தன, இது போலி ஐடி என்று ஒருவன், வியூஸுக்காக எதையும் சொல்வாங்க என்று ஒருவன், அந்தப் பையனே சொந்தக் குரல்ல பேசினான், எனக்கு நல்லாத் தெரியும், என்று எல்லாம் தெரிந்த ஒருவன், ஒவ்வொருவருக்கும் அவள் பொறுமையாக, இல்லீங்க நெசமாலும்ங்க, என்று எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் நெசமாலும்ங்க என்றவளுக்கு ஆமாம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான், இயக்குநர் போய்விட்டார், ஒலிப்பதிவாளர் தேவநேசனும் போய்விட்டார், நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பால் பாத்திரத்தைத் தேய்க்கப் போனேன்.

கண்ணை மூடினால் வடபழனி, அந்த டப்பிங் தியேட்டரின் கனமான கதவு, ஈரக் கம்பள வாசனை, உள்ளே ஏசி, வெளியே வெயில், கோயம்புத்தூரிலிருந்து ரயிலேறி ஒயர் கூடையோடு வந்து நிற்கிறான் வெள்ளிங்கிரி, கூடையில் அம்மா கொடுத்தனுப்பிய கடலை உருண்டை, எல்லாருக்கும் தருகிறான், வேறு படத்துக்குப் பேச வந்திருந்த எனக்கும் தருகிறான், எடுத்துக்குங்கக்கா என்கிறான், அந்தக் குரல் பாதி வார்த்தையில் ஏறிப் பாதி வார்த்தையில் விழுகிறது, உடைகிற வயது. படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள், திரையில் உதடு அசைகிற நேரத்துக்கு நாம் பேசவேண்டும், பழகியவர்களுக்கே வியர்க்கும், அவன் இரண்டு நாளில் ஆறு துண்டுதான் முடித்தான், உதடு முந்திவிடும், இவன் பின்னால் ஓடுவான், பிடித்துவிட்டால் குரல் கீச்சென்று போகும், மூன்றாம் நாள் காலை என்னை வரச்சொல்லி ஆள் வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள், தேவநேசன் மேசை முன்னால், ஞானசீலன் சிகரெட்டோடு, நான் புதுச் சேலையில், அந்தப் பக்கம் மைக் முன்னால் அவன், காதில் ஹெட்போன், அடுத்த துண்டுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீ சொல்லும்மா, இது தேறுமா, என்று ஞானசீலன் கேட்டார். எனக்கு அந்த வேலை வேண்டும், அதுவரை தொட்டில் பிள்ளைகளுக்கு அழுதுகொண்டிருந்தவளுக்கு முதல் தடவையாக ஒரு முழுப்படப் பையன், யாராவது குறுக்கே நின்றால் தள்ளிவிடுகிற வெறி இருந்தது, சார் தகரத்த ரோட்டுல இழுக்கற மாதிரி இருக்கு, இந்த மூஞ்சிக்கு இந்தக் குரல் வந்தா தியேட்டர்ல சிரிப்பாங்க சார், என்றேன், அதோடு விட்டேனா, எடுத்துக்குங்கக்கா என்று அவனைப்போலவே ஏற்றி இறக்கிக் காட்டினேன், எனக்குத்தான் எல்லாக் குரலும் வருமே, ஞானசீலன் புரையேறிச் சிரித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேவநேசன் கை மேசைமேல் நகர்ந்தது, டக் என்று ஒரு சுவிட்சை மேலே தள்ளினார்.

உள்ளே நிற்பவரோடு பேச இங்கே ஒரு சுவிட்ச் உண்டு, அதை அழுத்தினால் நாம் பேசுவது அவர் காதில் விழும், கீழே தள்ளிப் பூட்டிவிட்டு மறந்தால் இந்த அறையில் விழுகிற எல்லாமே அவர் காதுக்குள் போகும், அதனால் அந்த அறைக்குள் வாயைத் திறக்கும் முன் சுவிட்சைப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம், டீ கொண்டுவருகிறவர்கூடப் பார்த்துவிட்டுத்தான் வம்பு பேசுவார். நானே அந்த ஹெட்போனோடு உள்ளே நின்று, இந்த மூக்கடைச்ச பொண்ண எவன் கூட்டிவந்தான், என்று ஒரு பெரிய மனிதர் சொன்னதைக் கேட்டுக் கழிவறையில் போய் அழுதவள், எனக்குத் தெரியாதா, தெரியும், அன்றைக்கு அது கீழே கிடந்ததை நான் பார்க்கவில்லை. அவன் ஹெட்போனைக் கழற்றினான், தூக்கிப் போடவில்லை, சொல்லிக்கொடுத்தபடி வயரைச் சுற்றி ஸ்டாண்டில் மாட்டினான், கதவைத் திறந்து வந்தான், நீங்களே பேசிருங்கக்கா, எனக்கு வருல, என்றான், அவ்வளவுதான். அவனுடைய ரயில் சாயங்காலம், போக்கிடம் இல்லை, கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், உள்ளே நான் பேசிக்கொண்டிருந்தேன், துண்டு மாற்றுகிறபோதெல்லாம் கதவு திறக்கும், அவன் முகத்தில் இருந்து நான் பேசுவது அவனுக்கே கேட்கும், அவன் பேசிவைத்த ஆறையும் சேர்த்து அன்று ஒரே நாளில் இருபத்திரண்டு துண்டு முடித்தேன், அம்மா நான் வந்துட்டேன் என்பதை ஒரே தடவையில் பிடித்தேன், தேவநேசன் எழுந்து நின்று கைதட்டினார். டீ இடைவேளையில் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தேன், டீ வந்தபோது அவன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான், நான் அடுத்த வசனத்தைப் புரட்டினேன், பிறகு பெஞ்ச் காலியாக இருந்தது. போய்ட்டான், நல்ல பையன், என்றார் டீக்காரர்.

ஒரே ஓர் இடம் மிச்சம். மில் மதில்மேல் நாலு பேரில் ஒருவன் போலீஸிடம் அடிவாங்கி வந்து அழுகிறான், வெள்ளிங்கிரி அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான், அந்தத் துண்டு லேபிலிருந்து வரவில்லை, சென்சாருக்கு மறுநாள் படம் போகவேண்டும், முதுகுதானே தெரியுது உதடா தெரியுது, என்று தேவநேசன் படப்பிடிப்பில் பதிந்ததையே எடுத்து ஒட்டிவிட்டார், கேமரா ஓடும்போது கூடவே ஒரு நாடாவில் வழிகாட்டிக்காகப் பேச்சைப் பதிவார்கள், டப்பிங் முடிந்ததும் அழித்துவிட்டு அந்த நாடாவை அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்வார்கள், அதில் கேமரா கரகரக்கும், காக்கை கத்தும், யாரோ இருமுவார்கள். அந்தக் கரகரப்புக்குள், ஏண்டா அழுகற, வா, வூட்டுக்குப் போலாம், என்கிறான், வூட்டுக்கு என்பது மேலே ஏறிப் போலாம் என்பது கீழே விழுகிறது, பதினோரு விநாடி. உலகத்தில் வெள்ளிங்கிரியின் குரல் அவ்வளவுதான் இருக்கிறது, ஒரு மணி பதினாலாவது நிமிடத்தில், மூடே போச்சு என்று ஜனங்கள் திட்டுகிற இடத்தில்.

இதை எழுதிவிட இரண்டு நிமிடம் போதும், நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன், எழுதினால் நீங்கள் யார் என்று கேட்பாள், நான்தான் பேசினேன் என்றால் ஏன் என்று கேட்பாள், அதற்குப் பயந்தேன், வேறொன்றுமில்லை, பயம். ஈசிசேரில் கண்ணசந்தால் அவன் வருகிறான், மூன்று லட்சம் பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், அவன் ஒவ்வொருவர் எழுதியதையும் உரக்கப் படிக்கிறான், கேமரா நடுங்குது, சவுண்டு நாறுது, என்று என் குரலில் படிக்கிறான், நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன், சுவிட்சைத் தேடுகிறேன், மேசை முழுக்கச் சுவிட்சுகள், விழித்தால் மின்சாரம் போய் உடம்பெல்லாம் வியர்வை. இடையில் துளசிமணி மறுபடியும் எழுதியிருந்தாள், அம்மா இப்பெல்லாம் கஞ்சிகூட எறக்க மாட்டீங்குது, யாராச்சும் சொல்லுங்க. அன்றைக்கு எழுதினேன், துளசிமணி, உன் தம்பிக்குப் பேசியது நான்தான், ஒரு மணி பதினாலாவது நிமிடத்தில் மதில்மேல் பேசுவது மட்டும் அவன் சொந்தக் குரல், கேட்டுப்பாரம்மா, என்று எழுதி என் போன் எண்ணையும் போட்டேன், விவரம் தெரிந்தவர்கள் அப்படிப் பொதுவில் போடமாட்டார்களாம், இரண்டு பேர் கூப்பிட்டுக் குரலைக் கேட்டுவிட்டு, சார் உண்மையிலேயே நீங்க லேடியா என்று சிரித்துவிட்டு வைத்தார்கள்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு அவள் கூப்பிட்டாள். கேட்டுட்டேனுங்கக்கா என்றாள், பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது, அவனேதானுங்க, என்னயக் கூப்புடற மாதிரியே இருந்துச்சுங்க, என்றாள். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாயா என்றேன். போட்டுக் காட்டினாளாம், சத்தமாக வைத்து அம்மாவின் காதருகில் பிடித்தாளாம், அதென்னது கரகரன்னு, எவனோ பேசறான், அதய நிறுத்திட்டுப் பையன் பேசறதப் போடு, என்றாளாம் அந்த அம்மா, ராமாத்தாள், இதுதாம்மா நம்ம கிரி என்று இவள் சொன்னதற்கு, பெத்தவளுக்குத் தெரியாதா என்ற பையன் கொரலு, என்று கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாளாம். அம்மாவயும் குத்தஞ் சொல்ல முடியாதுங்க, எத்தன வருசமாச்சு, அதுக்கு மறந்துபோச்சு, இப்ப ஒரு வருசமா உங்க கொரலத்தான் கேக்குது, அதுதான் அவன்னு ஆயிப்போச்சுங்க, என்றாள் துளசிமணி, குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அவனை நான் ஒரு தடவைதான் வெளியே தள்ளினேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதற்குமேல் மறைக்கத் தெம்பில்லாமல் சொல்லிவிட்டேன், கண்ணாடி, சுவிட்ச், தகரம், அவனைப்போலப் பேசிக்காட்டியது, எல்லாம், என் கட்டைக் குரல் அடைத்து அடைத்து வந்தது, அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

தெரியுமுங்கக்கா, என்றாள். வந்தன்னிக்கே சொன்னான், ஒரு அக்கா இப்பிடிச் சொல்லுச்சுன்னு, சிரிச்சுட்டேதான் சொன்னான், படத்துக்குப் போலாம்னு அம்மா கெளம்புச்சு, அதுல பேசறது நான் இல்ல, போவாதீங்கன்னு நிறுத்திட்டான். அப்பறம் பேச்சக் கொறச்சுட்டானுங்க, கேட்டதுக்குத் தலயாட்டுவான், சோறு வேணும்னாக்கூட வட்டல நகத்தி வெப்பான், அம்மா திட்டிப் பாத்துச்சு, கெஞ்சிப் பாத்துச்சு. அடுத்த வருசம் பொரட்டாசில திருச்சி ரோட்டுல லாரி, சைக்கிள்ல போனவன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க, என்றாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், வெச்சுக்காதீங்க என்கிறாள், நான் எங்கே வைப்பேன். பின்னால் ஒரு கிழட்டுக் குரல், யாரு போனுல, என்றது, படத்துல வேல செஞ்ச அக்காம்மா, மெட்ராசுல இருந்து, என்றாள் இவள், குடு குடு இங்க, என்றது அந்தக் குரல், கட்டில் கிறீச்சிட்டது, போன் எதிலோ உரசியது.

ஏங்கண்ணு, என்றாள் ராமாத்தாள், என்ற பையன் அங்க வந்தானே, நல்லாப் பேசுனானா?

நல்லாப் பேசினாம்மா, உருண்டை கொடுத்தான், எடுத்துக்குங்கக்கான்னு சொன்னான், என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், நானூறு படத்துக்குப் பேசிய வாய், திறந்தபடி இருக்கிறது, தொண்டை ஏறி இறங்குகிறது, காற்று மட்டும் வருகிறது, அலோ, அலோ கண்ணு, என்கிறாள் அவள், இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, ஆளக் காணோம், லைன் போயிருச்சாட்ட இருக்குது, நீ படத்தப் போடு சாமி, என்று மகளிடம் சொல்கிறாள், போனை அணைக்கத் தெரியாமல் படுக்கையில் வைக்கிறாள் போல, நான் வைக்காமல் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அங்கே படம் ஓடத் தொடங்குகிறது, சைக்கிள் மணி, நாய் குரைப்பு, வாசல் படியேறும் காலடி, கோயம்புத்தூரில் ஏதோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து இருபத்தைந்து வயது நான், அம்மா நான் வந்துட்டேன், என்கிறேன். வா சாமி, என்கிறாள் ராமாத்தாள், கையக்கால கழுவிட்டு வா, சோறு போடறேன்.